பிரசிடெண்டும் இரண்டாவது கையெழுத்தும்

(ஆலங்காயத்தில் உள்ளாட்சித் தேர்தலும் தலித் பெண்களும் குறித்து நடந்த கூட்டத்தில் பேசியது. அச்சுக்காகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறேன். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிட்டேன்.)



நோட்டீசில் என் பேருக்கு நேரே 'அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் பெண்கள்' என்று போட்டிருக்கிறார்கள். வீட்டில் நோட்டீசைப் பார்த்துவிட்டு நைனா சிரித்தார். "ஆலங்காயத்துல போய் அமெரிக்காவைப் பேசப் போறியா? கேக்கறவங்க பீடி சுத்தறவங்கம்மா" என்றார். தலைப்பு கொடுத்த தோழரிடம் இதைச் சொன்னேன். "2024 நவம்பர்ல கமலா ஹாரிஸ் தோத்ததும் நம்ம பத்திரிகையெல்லாம் சொந்த வீட்டுப் பொண்ணு தோத்த மாதிரி எழுதினானே, அதை வெச்சுப் பேசுங்க" என்றார். சரி, பேசுகிறேன். ஆனால் முழுக்க அங்கேயே நிற்க மாட்டேன். அங்கே ஜனாதிபதிக்குப் பேர் பிரசிடெண்ட். இங்கே நம்ம ஊராட்சித் தலைவருக்கும் பேர் பிரசிடெண்ட்தான். காலனியில் யாராவது 'ஊராட்சி மன்றத் தலைவர்' என்று முழுசாச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? பிரசிடெண்டம்மா, பிரசிடெண்ட் வீட்டுக்காரர், பிரசிடெண்ட் மோட்டார் பைக். அதனால தலைப்பு ஒன்றும் தப்பாகிவிடாது.

பக்கத்தில் காவலூரில் பெரிய தொலைநோக்கி இருக்கிறது. எங்கேயோ கிடக்கிற நட்சத்திரத்தை அதில் பார்க்கிறார்கள். அமெரிக்காவை நான் அப்படித்தான் பார்த்தேன், புத்தகத்திலும் பேப்பரிலும். நம்ம ஊர் பிரசிடெண்டுகளைப் பார்க்கத் தொலைநோக்கி தேவையில்லை. நான் பேங்கில் கிளார்க். கவுண்டருக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கிறார்கள்.

முதலில் அமெரிக்கா. 1872இல் விக்டோரியா வுட்ஹல் என்ற வெள்ளைக்காரப் பெண் ஜனாதிபதி பதவிக்கு நின்றார். அப்போது அந்த நாட்டில் பெண்களுக்கு நாடு முழுக்க ஓட்டே கிடையாது. அது வந்தது 1920இல். அதுவும் தென்மாநிலங்களில் கறுப்புப் பெண்கள் கையில் நிஜமாக வந்து சேர 1965 வாக்குரிமைச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வுட்ஹல் கதையில் ஒரு சின்ன விஷயம் எனக்குப் பெரிசாப் படுகிறது. துணை ஜனாதிபதிக்கு ஃபிரெடரிக் டக்ளஸ் பேரைப் போட்டார்கள். அடிமையாகப் பிறந்து, தப்பித்து, பெரிய தலைவரான கறுப்பர். அவரைக் கேட்கவே இல்லை. அவரும் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. கேட்காமல் நம்ம பேரைக் கொடுக்கிற பழக்கம் நல்லது செய்கிறவர்களிடமும் இருக்கிறது. இதை ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் எங்க சின்னம்மா கதையில் இது வரும்.

நூறு வருஷம் தள்ளி, 1972. ஷெர்லி சிஸம். இந்தப் பேரை இங்கே எத்தனை பேர் கேட்டிருக்கிறீர்கள்? கிளிண்டன் அம்மாவைத் தெரியும், கமலாவைத் தெரியும். சிஸமைத் தெரியாது. அது உங்க தப்பு இல்லை. 1924இல் நியூயார்க் புரூக்ளினில் பிறந்தவர். அப்பா கயானாவிலிருந்து, அம்மா பார்படாசிலிருந்து பிழைக்கப் போனவர்கள். அம்மா தையல் வேலை செய்தார், அடுத்தவர் வீட்டிலும் வேலை செய்தார். மகள் படித்து டீச்சரானார். 1968இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் கறுப்புப் பெண் அவர்தான். போனதும் என்ன செய்தார்கள் தெரியுமா? விவசாயக் கமிட்டியில் போட்டார்கள். அவர் தொகுதியோ நகரத்து நெரிசல். அங்கே வயல் ஏது, காடு ஏது? முதல் தடவை வந்த உறுப்பினர் கொடுத்ததை வாங்கிக்கொண்டு கம்மென்று இருக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். இந்த அம்மா எழுந்து நின்று மறுத்தார். வேறு கமிட்டிக்கு மாற்றினார்கள்.

1972இல் ஜனநாயகக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளராக நிற்கிறேன் என்று அறிவித்தார். தன்னை யாராலும் விலைக்கு வாங்க முடியாது, தனக்கு யாரும் எஜமான் இல்லை, இதுதான் அவர் தேர்தல் முழக்கம். ரெண்டே வார்த்தை. நம்ம ஊர்ல இந்த ரெண்டையும் சுவரில் எழுதி ஒரு பொம்பளை ஓட்டுக் கேட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அவருக்கு யார் துணை நின்றார்கள்? கறுப்பின ஆண் தலைவர்களில் பலர் ஒதுங்கிக்கொண்டார்கள். நம்மைக் கேட்காமல் நிற்கிறாள், ஜெயிக்க முடியாதவளுக்கு எதற்கு ஓட்டு, இது ஆம்பளைக்கான இடம் என்றெல்லாம் பேச்சு. வெள்ளைக்காரப் பெண்ணியத் தலைவிகள் பாராட்டினார்கள். ஆனால் பலருடைய கணக்கு வேறு வேட்பாளரிடம் இருந்தது. கட்சி மாநாட்டில் அவருக்கு விழுந்தது 152 பிரதிநிதிகளின் ஓட்டு. கறுப்பாகப் பிறந்ததைவிடப் பெண்ணாகப் பிறந்ததற்காகவே தான் அதிகம் ஒதுக்கப்பட்டதாக அவர் சொல்லியிருக்கிறார். இதை நாம் அப்படியே நம்ம மேல் ஒட்டிக்கொள்ள முடியாது. நம்ம ஊரில் சாதி முன்னே வந்து நிற்கும். ஆனால் ரெண்டு பக்கமும் 'எங்க ஆளு'ன்னு சொல்லி, ரெண்டு பக்கமும் கைவிட்ட அந்த இடம் இருக்கிறதே, அது நமக்குப் பழகின இடம்.

இன்னொன்று. ஜார்ஜ் வாலஸ் என்று ஒருத்தர், அலபாமா மாநில கவர்னர். கறுப்பர்களை ஒதுக்கி வைப்பதே கொள்கை என்று பேசி ஓட்டு வாங்கியவர். அவரும் அதே 1972இல் போட்டியில் இருந்தார். மே மாதம் அவரைச் சுட்டுவிட்டார்கள். சிஸம் ஆஸ்பத்திரிக்குப் போய் அவரைப் பார்த்தார். சொந்த ஜனமே திட்டியது. ரெண்டு வருஷம் கழித்து, வீட்டுவேலை செய்யும் பெண்களுக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தபோது, தென்மாநில உறுப்பினர்களின் ஓட்டைச் சேர்க்க அந்த வாலஸ் உதவினார். நான் மன்னிப்பு உபதேசம் செய்யவில்லை. எதிரி வீட்டு வாசலுக்கும் எதற்காகப் போகிறோம் என்று தெரிந்து போன ஒரு பொம்பளை என்று சொல்கிறேன்.

அதற்கப்புறம் உள்ளது உங்களுக்கே தெரியும். 2016இல் ஹிலாரி கிளிண்டன் 28 லட்சத்துக்கும் மேல் ஓட்டு அதிகம் வாங்கியும் அந்த நாட்டுத் தேர்தல் முறையால் தோற்றார். 2024இல் கமலா ஹாரிஸ். எதிர்த்து நின்ற டிரம்ப், இந்த அம்மா நிஜமாகவே கறுப்புதானா, திடீரென்று கறுப்பாயிட்டாளே என்று மேடையிலேயே கேட்டார். துணை ஜனாதிபதிக்கு நின்ற வான்ஸ், பிள்ளையில்லாமல் பூனை வளர்க்கிற பொம்பளைகள் நாட்டை ஆள்கிறார்கள் என்று 2021இல் பேசியவர், அதில் கமலா பேரையும் சேர்த்தவர். நம்ம ஊரில் இதற்கு ஒரே வார்த்தை. மலடி. சொன்னவர் துணை ஜனாதிபதி ஆனார். வல்லரசு, வெள்ளை மாளிகை, அணுகுண்டு எல்லாம் வைத்திருக்கிற நாட்டிலும் பொம்பளையைத் தோற்கடிக்கக் கடைசியில் அவள் கர்ப்பப்பைக்குத்தான் வருகிறான்.

கமலாவின் அம்மா சியாமளா நம்ம சென்னையிலிருந்து போனவர். தாத்தா கோபாலனின் பூர்வீகம் திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம், பிராமணக் குடும்பம். சியாமளா அங்கே போய்க் கறுப்பர் உரிமைப் போராட்டத்தில் ஊர்வலம் போனவர், அதற்கு நான் மரியாதை கொடுக்கிறேன். துளசேந்திரபுரத்துக் கோவிலில் பூசை போட்டதையும் நான் கிண்டல் செய்யவில்லை, அவங்க சந்தோஷம் அது. என் கேள்வி நம்ம பத்திரிகைக்காரர்களுக்கு. 2020 ஆகஸ்டில் கமலா துணை ஜனாதிபதி வேட்பாளராகப் பேசும்போது 'சித்தி' என்று ஒரு தமிழ் வார்த்தை சொன்னார். தமிழ்நாடே புல்லரித்தது. அதே வாரம் நம்ம மாநிலத்தில் இன்னொரு பிரசிடெண்ட் செய்தியில் இருந்தார். திருவள்ளூர் மாவட்டம், கும்மிடிப்பூண்டி பக்கம் ஆத்துப்பாக்கம். அமிர்தம் என்ற அம்மா, அறுபது வயசு, தலித், ஊராட்சி மன்றத் தலைவர். ஆகஸ்ட் 15 அன்று பள்ளிக்கூடத்தில் கொடியேற்ற விடவில்லை. விஷயம் வெளியே வந்து, கலெக்டரே போய் நின்று, சில நாள் கழித்து அவரைக் கொடியேற்ற வைத்தார். சித்தி என்ற வார்த்தைக்குப் புல்லரித்தவர்களில் எத்தனை பேருக்கு அமிர்தம் பேர் ஞாபகம் இருக்கும்?

ரெண்டு மாசம் கழித்து, 2020 அக்டோபரில், கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை. ராஜேஸ்வரி, பிரசிடெண்ட். கூட்டத்தில் மற்றவர்கள் நாற்காலியில், அவர் தரையில். படம் வந்தது. அந்தப் படத்தை நான் பேங்கில் சாப்பாட்டு நேரத்தில் போனில் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவர், நல்லவர்தான், "இந்தக் காலத்திலுமா?" என்றார். எனக்கு ஆச்சரியமே இல்லை. துணைத் தலைவர் மேல் வழக்குப் பதிவானது. துணைத் தலைவர் என்ற வார்த்தையைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள், அங்கேதான் வரப்போகிறேன்.

அதற்கு முன்னால் எங்க சின்னம்மா.

73ஆவது சட்டத் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டு ஊராட்சிச் சட்டம் 1994. அதன்படி முதல் தேர்தல் 1996 அக்டோபரில். மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு, அதற்குள் தலித் பெண்களுக்கும் பங்கு. (2016இல் அதைப் பாதியாக உயர்த்தினார்கள்.) எங்க ஊராட்சி, பேர் சொல்ல மாட்டேன், தலித் பெண்ணுக்கு ஒதுக்கீடாச்சு. எனக்கு அப்போ எட்டு வயசு. ஊருக்குள்ளிருந்து நிலக்காரர் காலனி முனை வரைக்கும் வந்தார். அதுவரை அவர் எங்க பக்கம் வந்து நான் பார்த்ததில்லை. சித்தப்பா அவர் நிலத்தில் வேலை. துண்டைக் கக்கத்தில் வெச்சுக்கிட்டு ஓடினார். "உன் பொண்டாட்டி பேரைக் குடுத்திருக்கேன்" என்றார். கொடுக்கட்டுமா என்று கேட்கவில்லை. கொடுத்திருக்கேன். சித்தப்பா "சரிங்க ஆண்டே" என்றார். சின்னம்மா அடுப்பு ஊதிக்கொண்டிருந்தது.

ஜெயித்தது. கைநாட்டு கூடாது, கையெழுத்துப் போட்டால்தான் மரியாதை என்றார்கள். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என் சிலேட்டைக் கொடுத்து நான்தான் சொல்லிக் கொடுத்தேன். நாலு எழுத்துப் பேர். பதினைந்து நாள் ஆச்சு. கடைசி எழுத்தின் சுழி மட்டும் திருப்பி வரும், கடைசி வரைக்கும் அது திருந்தவில்லை. எங்க தெருவே வந்து பார்த்தது. ஆயா அழுதது. அந்த நாலு எழுத்தைவிடப் பெரிய கவிதையை நான் இதுவரைக்கும் எழுதவில்லை.

அந்த அஞ்சு வருஷத்தில் சின்னம்மா ஊராட்சி ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை. கூட்டத்தன்னைக்குக் காலையில் போய் ஆபீசைப் பெருக்கித் தண்ணி பிடித்து வைத்துவிட்டு வரும். பிரசிடெண்டே பெருக்கிவிட்டு வரும். மினிட் புக்கும் செக் புக்கும் நிலக்காரர் வீட்டில் இருந்தது. வெள்ளைச் செக்கில் பத்து, பன்னிரண்டு கையெழுத்து ஒரே நாளில் வாங்கிக்கொள்வார்கள். திண்ணைக்குக் கீழே உட்கார்ந்து போட்டுக் கொடுத்துவிட்டு வரும். பதவி முடிந்து ரெண்டு வருஷம் கழித்து ஒரு நோட்டீஸ் வந்தது. போட்டதாக எழுதிய ரோடு இல்லை, வாங்கியதாக எழுதிய பைப்பு இல்லை. தணிக்கைத் தடை. பணத்தைக் கட்டு. துணைத் தலைவருக்கும் அதே நோட்டீஸ் போச்சு. அவர் வக்கீல் வைத்தார். சின்னம்மாவுக்கு வக்கீல் யார்? ரெண்டு ஆடு, ஒரு கம்மல், அப்புறம் பீடிக் கூலியிலிருந்து வாரா வாரம். நோட்டீசோடு வந்த ஜெராக்ஸில் அந்த நாலு எழுத்தும் இருந்தது. திருப்பிப் போட்ட சுழி. நான் சொல்லிக் கொடுத்த கையெழுத்து.

நான் பேங்க் பரீட்சை எழுதினதற்கு இதுதான் காரணம் என்று சொன்னால் கதை மாதிரி இருக்கும். அப்படி இல்லை. வேலை வேணும், எழுதினேன். ஆனால் கவுண்டரில் உட்கார்ந்த பிறகு ஒவ்வொரு ஊராட்சிச் செக்கும் வரும்போது அந்தச் சுழியைத் தேடியிருக்கிறேன்.

இப்போது துணைத் தலைவர் விஷயம். நம்ம மாநிலத்தில் ஊராட்சிக் கணக்கில் பணம் எடுக்கப் பிரசிடெண்ட் கையெழுத்து மட்டும் போதாது, துணைத் தலைவரும் சேர்ந்து போட வேண்டும். ஒரே ஆள் தின்னக்கூடாது என்று வைத்த ஏற்பாடு. நல்ல எண்ணம்தான். ஆனால் பாருங்கள், தலைவர் பதவிக்கு ஒதுக்கீடு உண்டு. துணைத் தலைவர் பதவிக்கு ஒதுக்கீடு கிடையாது. அவரை வார்டு உறுப்பினர்கள் கூடித் தேர்ந்தெடுக்கிறார்கள். தலைவர் பதவி காலனிக்குப் போச்சா, போகட்டும், ரெண்டாவது கையெழுத்து ஊருக்குள்ளேயே இருக்கட்டும். எத்தனை ஊராட்சியில் இப்படி என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

பேங்க் ரகசியம், ஊர் பேர் வேண்டாம். ஒரு பிரசிடெண்டம்மா வந்தார். ஷூ கம்பெனியில் வேலை பார்த்தவர், பத்தாவது வரை படிப்பு, கணக்கில் கெட்டி. காலனி மோட்டார் எரிந்துவிட்டது. சரிபண்ணச் செக் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறார். துணைத் தலைவர் போடவில்லை. "போடமாட்டேன்னு சொல்லல மேடம், நாளைக்கு வா, நாளைக்கு வான்றாரு" என்றார். பன்னிரண்டு நாள். காலனியில் தண்ணி இல்லை. இவர் செக்கைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு தினம் அவர் வாசலில் நிற்கிறார். கூட்டம் போட்டுத் தீர்மானம் எழுதலாம், பி.டி.ஓ.விடம் எழுதிக் கொடுக்கலாம், எல்லாம் சொன்னேன். "அதெல்லாம் எழுதிக் குடுத்துட்டேன் மேடம். தண்ணிக்குத் தீர்மானமா குடிப்பாங்க? ஜனங்க என்னையத்தான் திட்டறாங்க, பொம்பளைய உக்கார வெச்சா இப்டித்தான்னு" என்றார். இதுதான் கணக்கு. வேலை நடக்கவிடாமல் பண்ணு, பழி பொம்பளை மேல விழும், அடுத்த தடவை 'நாங்க அப்பவே சொன்னோம்' என்று சொல்லிக்கொள்ளலாம். வெள்ளை மாளிகைக்கும் இந்த மோட்டார் ரூமுக்கும் நடுவில் பெரிய தூரம் இல்லை.

இன்னொரு நாள் ஒருத்தர் செக்கோடு வந்தார். மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப் போகவில்லை. "பிரசிடெண்ட் வரணுங்க" என்றேன். "நான்தாம்மா பிரசிடெண்ட்" என்றார். செக்கில் இருப்பது பொம்பளைப் பேர். கூச்சமே இல்லை. தோழர்களே, அவர் ஊர்க்காரர் இல்லை. நம்ம காலனிக்காரர், நம்ம இயக்கத்துத் துண்டுதான் தோளில். பொண்டாட்டி எங்கே என்று கேட்டேன். "அது வீட்ல கீது, அதுக்கு இதெல்லாம் தெரியாது" என்றார். அன்றைக்குச் செக்கைத் திருப்பிக் கொடுத்தேன். மறுநாள் எங்க மேனேஜருக்கு போன் வந்தது, கிளார்க்கம்மா திமிராப் பேசறாங்க என்று. இப்போது பல கணக்கில் காகிதச் செக் குறைந்து டிஜிட்டல் கையெழுத்துச் சாவி வந்திருக்கிறது. அந்தச் சாவி யார் வீட்டு ஆணியில் தொங்குகிறது என்று பாருங்கள், பிரசிடெண்ட் யாரென்று தெரிந்துவிடும்.

நம்ம மாநிலத்தை ஒரு பெண் பல வருஷம் ஆண்டார். பெரிய பெரிய மந்திரிகள் தரையில் விழுந்து கும்பிட்டார்கள். அதனால் காலனிப் பெண்ணுக்கு நாற்காலி கிடைத்துவிட்டதா? அதேபோல 2022இல் திரௌபதி முர்மு, சந்தால் பழங்குடிப் பெண், இந்த நாட்டின் குடியரசுத் தலைவரானார். 1997இல் ராய்ரங்பூரில் கவுன்சிலராக ஆரம்பித்தவர். சந்தோஷம். ஆனால் 2023 மே 28 அன்று புது நாடாளுமன்றக் கட்டடம் திறந்தபோது அவர் அங்கே இல்லை, பிரதமர் திறந்தார். ஆத்துப்பாக்கத்துக் கொடிக் கம்பம்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

சரி, நம்ம இயக்கத்துக்கு வருகிறேன். மேலவளவு முருகேசனை நாம் மறக்கவில்லை. 1997 ஜூன் 30, வருஷா வருஷம் கூடுகிறோம், கூட வேண்டும். ஆனால் கிருஷ்ணவேணியை எத்தனை கூட்டத்தில் பேசியிருக்கிறோம்? நெல்லை தாழையூத்து ஊராட்சித் தலைவர், அருந்ததியர் பெண். 2011 ஜூன் 13 ராத்திரி ஆட்டோவில் வீட்டுக்குத் திரும்பும்போது வெட்டினார்கள். உயிர் பிழைத்தார். பெண்களுக்குக் கழிப்பறை கட்டுவதற்காக நின்றது அந்தப் பகையில் ஒரு காரணம். பதிமூன்று வருஷம் கழித்து 2024இல் ஆறு பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது திருநெல்வேலி நீதிமன்றம். பிழைத்துக்கொண்ட பொம்பளைக்கு நாம் நினைவு நாள் வைக்க முடியாது, அதனாலா? பாபாசாகேப் 1942இல் நாக்பூரில் கூட்டிய பெண்கள் மாநாட்டுக்குத் தலைமை சுலோசனாபாய் டோங்ரே. இன்றைக்கு இந்த மேடையில் எட்டு நாற்காலி, அதில் பொம்பளைங்க ரெண்டு பேர். நான் ஒருத்தி. இன்னொரு தங்கச்சி நன்றியுரைக்கு.

(சிரிப்பு. ஒரு தோழர் எழுந்து ஏதோ சொன்னார், கேட்கவில்லை.)

சொல்லுங்க தோழர், அப்புறம் பேசலாம். கடைசியாக ஒன்று இருக்கிறது. இதைச் சொல்வதற்காகத்தான் வந்தேன், இதுதான் எனக்குக் கஷ்டமாகவும் இருக்கிறது.

நாயக்கனேரி. ஆம்பூருக்கு மேலே மலை. நம்ம திருப்பத்தூர் மாவட்டம்தான், மாதனூர் ஒன்றியம். 2021 அக்டோபரில் ஒன்பது மாவட்டங்களில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது அந்த ஊராட்சித் தலைவர் பதவி தலித் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. மலையில் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடி ஜனங்கள், தலித்துகள் ரொம்பக் கொஞ்சம். ஜனங்கள் எதிர்த்தார்கள், தேர்தலைப் புறக்கணித்தார்கள். இந்துமதி என்ற சின்ன வயசுப் பெண் ஒருத்தர் மட்டும் மனு போட்டார். போட்டியில்லாமல் தேர்வானார். வழக்குப் போனது, பதவியேற்க முடியவில்லை. நாள் இல்லை, மாசம் இல்லை, வருஷக்கணக்கில் ஜெயித்த பிரசிடெண்ட் பதவியில்லாமல் இருந்தார்.

இது ஊர்த்தெரு நிலக்காரர் கதை இல்லை. அப்படி இருந்தால் எனக்குப் பேச ரொம்ப எளிது. எதிரே நின்றவர்கள் மலை ஜனங்கள். நம்மைப் போலவே ரோடு இல்லாமல், பிரசவத்துக்குத் தொட்டில் கட்டித் தூக்கி வருகிற ஜனங்கள். சாமைக்கும் புளிக்கும் கீழே வியாபாரி சொல்கிற விலைக்குக் கொடுத்துவிட்டுப் போகிற ஜனங்கள். வனத்துறை அதட்டினால் நடுங்குகிற ஜனங்கள். 'எங்க மலையில எங்க ஆளுக்குத்தானே பதவி வரணும், இன்னிக்குப் பதவி போச்சுன்னா நாளைக்கு நிலம் போகும்' என்ற பயம் அவர்களுக்கு உண்டு. நிலம் போன ஜனங்களின் பயம் அது, அதைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். பழங்குடிக்கு அந்தப் பதவியைக் கேட்டு அரசாங்கத்தோடு சண்டை போட்டிருந்தால் நாமும் கூட நின்றிருக்கலாம். ஆனால் ஒதுக்கீட்டுப் பட்டியல் போட்டது இந்துமதி இல்லை. பட்டியல் போட்டவர் மேல் வர வேண்டிய கோபம் ஒரு பெண் மேல் வந்தது. அந்தக் கோபத்துக்குள்ளே தலித் பொம்பளை நம்மளை ஆள்றதா என்ற எண்ணமும் இருந்ததா, இல்லையா? மலையிலிருந்து வந்திருக்கிற உறவுகளே, நான் உங்களைத்தான் கேட்கிறேன். ஒதுக்கீடு ஒரு தலித் ஆம்பளைக்கு வந்திருந்தால், அவர் கொஞ்சம் காசுள்ளவராக இருந்திருந்தால், இதே அளவு எதிர்ப்பு வந்திருக்குமா? எனக்குப் பதில் தெரியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நான் என்ன செய்தேன்? செய்தி வந்த அன்றைக்கு ராத்திரி ஒரு கவிதை எழுதினேன். ஒரு பத்திரிகையில் வந்தது. நாலு பேர் போன் செய்து பாராட்டினார்கள். நாயக்கனேரிக்கு நான் போகவில்லை. ஒரு பஸ், ஒரு ஜீப், அவ்வளவு தூரம்தான். இந்துமதியைப் பார்க்கவும் போகவில்லை, மலை ஜனங்களோடு பேசவும் போகவில்லை. வாலஸ் படுத்திருந்த ஆஸ்பத்திரிக்குப் போன சிஸமைப் பற்றி இவ்வளவு நேரம் உங்களிடம் பேசினேன். வாலஸ் எங்கே, இந்த மலை ஜனங்கள் எங்கே. எதிரியைப் பார்க்கவே அந்த அம்மா போனார். நான் பக்கத்து மலைக்கு உறவைப் பார்க்கப் போகவில்லை.

அடுத்த தேர்தலுக்கு இங்கே யார் யார் நிற்கப் போகிறீர்களோ தெரியாது. முன் வரிசையில் ஒரு அக்கா உட்கார்ந்திருக்கிறார், வரும்போதே என்னிடம் பேசினார். அவர் பேரையும் ஒருத்தர் 'கொடுக்கிறேன்' என்று சொல்லியிருக்கிறாராம். நிற்கவா வேண்டாமா என்று கேட்டார். நில்லுங்க யக்கா. ஆனால் கொடுக்கிறேன் என்றவரிடம் முதலில், மினிட் புக் யார் வீட்டில் இருக்கும் என்று கேளுங்கள். துணைத் தலைவர் யார் என்று இப்போதே கேளுங்கள், ஓட்டு எண்ணின பிறகு கேட்காதீர்கள். வார்டுக்கு நிற்கிற நம்ம பொம்பளைகள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு நில்லுங்கள், ரெண்டாவது கையெழுத்து அங்கேதான் இருக்கிறது. மலையில் உங்களுக்குத் தெரிந்த வீடுகள் இருந்தால் மனு போடுவதற்கு முன்னாடியே போய் உட்கார்ந்து பேசுங்கள். தொகையும் தேதியும் எழுதாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள், அது புருஷனே நீட்டினாலும் சரி. சந்தேகம் இருந்தால் என் கவுண்டருக்கு வாங்க. மேனேஜருக்கு மறுபடியும் போன் வரும், வரட்டும்.

சின்னம்மா இன்றைக்கு வரவில்லை. பீடிக்கு இலை வெட்டிக்கொண்டிருக்கும். கடைசித் தவணை கட்டின ரசீதை இன்னும் ட்ரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறது. அதிலும் அதன் கையெழுத்துதான்.

நேரமாச்சு. கேள்வி இருந்தால் சீக்கிரம் கேளுங்க தோழர், ஏழரை மணிக்கு எனக்கு வாணியம்பாடி பஸ்.